முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவரங்கத்துப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் ஆசை. பக்கவாதத்தால் அவருக்கு ஒரு கால் வலுவிழந்துவிட்டது. பயணச்சீட்டு எடுத்தபோது "சக்கர நாற்காலி வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். போய் இறங்கிய இடத்தில் விமானப் படிக்கட்டு. நாற்காலி கீழே; அம்மா மேலே. இருவர் தூக்கி இறக்கினார்கள். "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேனே" என்று அம்மா கண்கலங்கினார். தவறு என்னுடையது.

விமான நிறுவனங்கள் இத்தேவையை மூன்று வகையாகக் குறித்துக்கொள்கின்றன. படியேற முடியும், நெடுந்தூரம் நடக்க இயலாது என்போர் முதல் வகை. படியேற இயலாதோர் இரண்டாம் வகை. இருக்கை வரை உதவி தேவைப்படுவோர் மூன்றாம் வகை. எது என்று தெளிவாகச் சொன்னால்தான் தூக்கி வண்டிக்கு ஏற்பாடு செய்ய முடியும்.

ஆகவே, புறப்படுவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். இடையில் வேறு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறினால் அவர்களிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். சொந்த நாற்காலி மின்கலத்தில் இயங்குவதானால், அதன் எடையையும் மின்கலத்தின் வகையையும் தெரிவியுங்கள். கழற்றி எடுக்கும் லித்தியம் மின்கலம் பயணிகள் அறையில்தான் வர வேண்டும்.

திரும்பும்போது இவற்றையெல்லாம் சொல்லி வைத்தேன். அம்மா உட்கார்ந்தபடியே ஏறினார்.

குழுவாகத் தலயாத்திரை அழைத்துச் செல்லும் அன்பர்கள், பெயர்ப் பட்டியலோடு இதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். கேட்பதில் வெட்கமில்லை, கேளாததால்தான் பல முதியவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.