முகமூடியைக் குறை சொல்லாதீங்க!

    

'நம் கலைகள் வெளிநாட்டு மேடை ஏறுவதால் கலைக்கு லாபமா, நஷ்டமா?' என்பது தலைப்பு. லாபமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்குத் திருச்சுழிப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பேஞ்சா லாபம், பேயாட்டி நஷ்டம்னு வருஷா வருஷம் இதே தலைப்புலதான் எங்க ஆளுக பட்டிமன்றம் நடத்துறாக! (சிரிப்பு)

எதிரணித் தலைவி அக்கா ஒரு வார்த்தை சொன்னாங்க. "வெளிநாட்டுக்குப் போற கலை முகமூடி மாட்டிக்கிட்டுத்தான் போகுது. விடிய விடிய ஆடுறதை ஒன்றரை மணி நேரமாச் சுருக்கி, கலர் லைட்டைப் போட்டு ஆடினா, அது நம்ம கலையே இல்லை"ன்னாங்க. நல்லாப் பேசினாங்க. நானும் கை தட்டினேன். ஆனா அக்கா, முகமூடின்னா உங்களுக்கு அவ்வளவு மட்டமாப் போச்சா?

நம் தஞ்சை மாவட்டம் மெலட்டூருக்குப் போய்ப் பாருங்கள். பாகவத மேளாவில் பிரகலாதன் நாடகம் நடக்கும். அதில் நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு. அதை அணிகிறவர் விரதம் இருந்துதான் அணிவார். அங்கே முகமூடி என்பது சாமி.

கடல் தாண்டி ஜாவாவுக்கு வாங்க. சிரெபோன், இந்திரமாயு பக்கத்தில் 'தோப்பெங்' என்று முகமூடி ஆட்டம் இருக்கிறது. முகமூடியின் உள்பக்கம் ஒரு சின்னத் தோல்பட்டை இருக்கும். அதைப் பல்லால் கடித்துக்கொண்டே ஆட வேண்டும். வாயைத் திறந்தால் முகம் கீழே விழுந்துவிடும். எங்க ரெண்டு அணியில ஒருத்தர்கூட அந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

பாஞ்சி என்று ஒரு முகம், வெள்ளை முகம். மேளம் இடி மாதிரி முழங்கும். ஆடுகிறவரோ அசைகிறாரா இல்லையா என்றே தெரியாது. அவ்வளவு அடக்கம். கிளானா என்று இன்னொரு முகம், சிவப்பு. ஆணவமும் கோபமும் ஆடும். இரண்டையும் ஆடுவது ஒரே ஆள்.

அந்த ஆட்டத்தில் பெரிய பெயர் மிமி ரசினா. 1930-இல் பிறந்த அம்மா. ஊர் ஜனங்களுக்கு வேறு கேளிக்கைகள் வந்துவிட்டன. முகமூடி ஆட்டத்தைக் கூப்பிட ஆள் இல்லை. ஏறத்தாழ இருபது வருஷம் அவர் ஆடவே இல்லை. 1990-களில் ஆய்வாளர்கள் தேடிப் போய் மறுபடி ஆட வைத்தார்கள். அதன் பிறகு ஜப்பான் வரை போய் ஆடினார். பக்கவாதம் வந்த பிறகும் விடவில்லை. 2010-இல் மறைந்தார். இன்று பேத்தி ஆடுகிறார். இப்ப சொல்லுங்க, அந்தக் கலையைப் பெட்டியில போட்டுப் பூட்டினது யாரு? வெளிநாட்டுக்காரனா, உள்ளூர்க்காரனா?

நம்ம கதைக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் புரிசை என்று ஒரு கிராமம். தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். மரக் கிரீடம், புஜக்கட்டை, முகம் நிறைய அரிதாரம். அதுவும் ஒரு முகமூடிதானே? பாரிசில் 'தியேத்ர் து சொலெய்' என்ற புகழ்பெற்ற நாடகக் குழு இருக்கிறது. 1964-இல் அரியான் முனுஷ்கின் அம்மையார் தொடங்கியது. அந்தக் குழுவின் நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் கூத்து சொல்லிக் கொடுத்தார். 2016-இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற அவர்கள் நாடகத்தில் பாஞ்சாலி துகிலுரியும் காட்சியும் கர்ணன் சாகும் காட்சியும் வந்தன. பல தேசத்து நடிகர்கள், தமிழிலேயே பாடி ஆடினார்கள்! 2017-இல் அந்த நாடகம் நியூயார்க்கும் போனது. (கைதட்டல்)

கவனியுங்க அக்கா. வேடிக்கை பார்க்க மட்டும் அவங்க கூப்பிடலை. நம்ம வாத்தியார்கிட்ட மாணவனா உக்காந்து அடவு கத்துக்கிட்டாங்க. 'கூத்தாடி'ங்கிறதை நம்ம தெருவுல வசவாச் சொல்லுறோம். அந்தக் கூத்துக்காரரை அவங்க ஆசானா வச்சாங்க. 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் நம்ம மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலுவுக்கும் அறிவிச்சாங்க.

சரி, விடிய விடிய ஆடுற ஆட்டத்தைச் சுருக்கினது யாரு? எங்க ஊர்ப் பொங்கலுக்கு ராத்திரி பத்து மணிக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் தொடங்கினா, விடியும்போதுதான் முருகனுக்குக் கல்யாணம். பாயை விரிச்சு, பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு பொம்பளைக கண் கொட்டாமப் பார்ப்பாக. இன்னிக்கு ஆடலும் பாடலும் வந்துருச்சு. நாடகம் வச்சாலும் பன்னெண்டு மணிக்குள்ள பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருது. இதை வெட்டினது பாரிஸ்காரனா?

நம்ம கம்பளத்தார் ஊர்களில் தேவராட்டம் இருக்கிறது. பாட்டுக் கிடையாது. தேவதுந்துமி அடிக்கு, கையில் துண்டைப் பிடித்துக்கொண்டு, காலில் சலங்கையோடு வரிசையாக ஆடுவார்கள். பங்குனி, சித்திரையில் திருவிழா வந்தால் மேளக்காரருக்கும் ஆட்டக்காரருக்கும் வேலை. மற்ற மாசம்? சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடப் போகணும். இல்லாட்டி சித்தாள் வேலை. அப்பன் கஷ்டத்தைப் பார்த்த மகன் சலங்கையைத் தொடுவானா? ஆனா அதே அப்பன் விமானம் ஏறிப் போய், நாலு பேர் எழுந்து நின்னு கை தட்டினாகன்னு கேள்விப்பட்டா, அந்தப் பிள்ளைக்குக் கால் துடிக்குமா துடிக்காதா? அந்தத் துடிப்புதான் ஐயா லாபம்.

அக்கா சொன்ன பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு மட்டுமே ஆடுகிற கலை, வேர் இல்லாமல் தொட்டியில் நிற்கும் செடிதான். ஆனால் அதற்கு மருந்து என்ன? கலைஞனோட பாஸ்போர்ட்டைப் பிடுங்கினா அந்த நோய் தீராது. நாம பாயை விரிச்சாத்தான் தீரும்.

அடுத்த பொங்கலுக்கு உங்க ஊர்ல நாடகமோ, தேவராட்டமோ வந்தா, வெள்ளி முளைக்கிற வரைக்கும் உக்காருங்க. அவன் பாரிசுக்குப் போகட்டும், நியூயார்க்குக்குப் போகட்டும். திரும்பி வரும்போது நம்ம ஊர்ல பாய் விரிச்சிருக்கணும். விரிக்கிறோம்னு நீங்க சொன்னா, நடுவர் ஐயா எங்க பக்கம் தீர்ப்புச் சொல்ல வேறு சாட்சி வேண்டாம்.

 (கைதட்டல்)