படிவத்தில் இல்லாத தெரு

(அல்லிநகரத்தில் நடந்த இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேரிடர் நேரத்தில் கணினியும் கூட்டு உழைப்பும் என்ன செய்யும் என்று பேசச் சொன்னீர்கள். நம் பக்கத்து மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

போடிமெட்டு ஏறினால் மூணாறு. அதற்கும் அப்பால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மலை சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. இரவு நடந்த சாவு வெளியுலகத்துக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அன்று இரவே கோழிக்கோட்டில் விமான விபத்து. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கணினிப் பக்கம் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26. சுனாமி. இலங்கையில் சில மென்பொருள் பொறியாளர்கள் ஊதியம் வாங்காமல் ஒன்றுகூடி, சில நாட்களிலேயே ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே என்ன தேவை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்று நான்கு பதிவேடுகளை ஒரே இடத்தில் வைத்தது அது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹைட்டி நிலநடுக்கத்திலும் அது உதவியது. ஒரு ஊருக்கு மூன்று லாரி அரிசி போவதும், அடுத்த ஊர் பட்டினி கிடப்பதும் தகவல் சிதறிக் கிடப்பதால் நடக்கிற கொடுமை. அதைக் கணினி பெருமளவு தடுக்கும்.

ஆனால் தகவல் சிதறல் மட்டும்தானா பிரச்சினை? அதே சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டம் ஒன்றில் மட்டும். அங்கே முகாமில் தலித்துகளைச் சேர்க்க மறுத்ததையும், பொதுத் தண்ணீரைத் தொடவிடாமல் தடுத்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே ஆவணப்படுத்தின. இழப்பைக் கணக்கெடுக்க வந்தவர்கள் படகு போச்சா, வலை போச்சா என்று கேட்டார்கள். படகு இல்லாமல், மீன் சுமந்தும் உப்பளத்தில் கூலிக்குப் போயும் பிழைத்தவர்களுக்கு என்ன போச்சு என்று எழுதப் படிவத்தில் இடமே இல்லை. கூலி போனது இழப்பாகவே பதிவாகவில்லை. அந்தப் படிவத்தை அப்படியே கணினியில் ஏற்றினால் என்ன ஆகும்? சாதி வேகமாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

2015 சென்னை வெள்ளத்தில் தன்னார்வலர்கள் திறந்த வரைபடத்தில் மூழ்கிய தெருக்களைக் குறித்தார்கள். அருமையான வேலை. ஆனால் வரைபடத்தில் குறிக்கக் கையில் செல்பேசி வேண்டும், அதில் சார்ஜ் வேண்டும், தெருவுக்குப் பெயர் வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அழைத்துவந்து குப்பை அள்ள வைத்தார்கள். அவர்களுக்குக் கையுறை, காலணி, தங்குமிடம் கிடைத்ததா என்று எந்த வரைபடம் காட்டியது?

2018 கேரள வெள்ளத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. உதவி கேட்டவர்களின் விவரங்களைத் திரட்ட மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையோடு தன்னார்வ இளைஞர்கள் சேர்ந்து ஓர் இணையதளம் உருவாக்கினார்கள். வேறு ஊர்களில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, ‘இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா?’ என்று கேட்டுச் சரிபார்த்தார்கள். மீட்கப்பட்டவரின் செய்தியே திரும்பத் திரும்பச் சுற்றும், இன்னும் தவிப்பவரின் செய்தி அடியில் போய்விடும். அதனால் இந்தச் சலிப்பான வேலைதான் உயிர் காக்கிற வேலை. அதோடு ஆயிரக்கணக்கான மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முகவரியைத் தந்தது கணினி, ஆளைத் தூக்கியது மீனவர் கை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மீட்பு இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

நம் காலனிகளையும் ஓடைக்கரைக் குடியிருப்புகளையும் மழைக்கு முன்பே வரைபடத்தில் ஏற்றலாம். தெருப் பெயரை அங்கே வாழ்கிறவர்களிடமே கேட்டு எழுதலாம். விடியற்காலையில் ஜீப்பில் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் நம் அக்காக்கள் எந்தப் பாதையில், எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்ற விவரம் மலை சரிகிற நாளில் யாரிடம் இருக்கும்? அவர்கள் சம்மதத்தோடு, இணையம் இல்லாமலும் திறக்கிற பட்டியலாக, அவர்கள் நம்புகிற ஒருவரிடம் அது இருக்கட்டும். ஒரு தாள் பிரதியும் இருக்கட்டும்.

சாதியைக் கேட்கலாமா என்று ஒரு தோழர் கேட்டார். கேட்காவிட்டால் புறக்கணிப்பை நிரூபிக்க முடியாது. பெயரோடு சேர்த்துப் பகிர்ந்தால், கலவர நாளில் அதே பட்டியல் ஆயுதமாகும். எனவே குடியிருப்பு வாரியாக எண்ணிக்கையை மட்டும் வெளியிடுவோம். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் உதவி வந்தது என்று குறிப்போம். ஊர்த்தெருவுக்கு முதல் நாள், காலனிக்கு ஐந்தாம் நாள் என்று அது காட்டினால், அதிகாரியின் மேசையில் வைக்க நம்மிடம் சான்று இருக்கும்.

மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே சிலர் இருக்கிறீர்கள். முதல் வரி எழுதும் முன் ஒரு நாள் அந்த ஜீப்பில் ஏறிப் போய் வாருங்கள். படிவத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அந்த அக்காக்களே சொல்லித் தருவார்கள்.