தலையெழுத்தும் ரத்தமும்



நீரிழிவு ஏன் வந்தது என்று ஒருவரைக் கேட்டால் "தலையெழுத்து" என்கிறார். சற்றுப் படித்தவரோ "நம் வம்சத்து ரத்தமே அப்படி" என்கிறார். முன்னவர் பழியைப் பிரம்மாவின் மேல் போட்டார். பின்னவர் பாட்டன் மேல் போட்டார். வேறென்ன வித்தியாசம்?

பீமா என்ற அமெரிக்கப் பழங்குடியாரில் ஒரு பிரிவார் அரிஸோனாவிலும், மற்றொரு பிரிவார் மெக்ஸிகோ மலைப்பக்கத்திலும் வாழ்கிறார்கள். இருவரும் ஒரே வம்சத்தார். 2006-ல் வெளியான ஆராய்ச்சியின்படி அரிஸோனாவில் பெரியவர்களில் 100-க்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்ஸிகோவில் 100-க்கு 7 பேருக்குத்தான். ரத்தம் மட்டுமே காரணமென்றால் இப்படியிருக்குமா? மெக்ஸிகோக்காரர் உடல் வருந்தப் பாடுபட்டு, தாம் விளைத்ததைத் தின்றவர். அரிஸோனாக்காரரும் முன்பு விவசாயிகளே. 19-ம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளையர் ஹீலா ஆற்று நீரை மேலேயே திருப்பிக் கொண்டார்கள், வயல் காய்ந்தது, பிறகு சர்க்கார் கொடுத்த மாவும் கொழுப்பும் உணவாயின. இதை எந்தப் பிரம்மா எழுதினார்?

பிறப்பில் ஒன்றுமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இந்தியர், இலங்கையர் போன்ற நமக்கு, வெள்ளையரைவிடக் குறைந்த பருமனிலேயே, முன்னதாகவே நீரிழிவும் மாரடைப்பும் வருகின்றன. அதே எடையிலும் நம் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். ஆகையால்தான் நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். "ஒல்லியாயிருக்கிறேன், எனக்கேது?" என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

ஆகவே தோழர்களே, பரிகாரத்துக்குச் செலவிடும் காசில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக் கொள்ளுங்கள். சோற்றைக் குறைத்துப் பயறும் காய்கறியும் கூட்டுங்கள், தினம் நடவுங்கள். மிச்சம் மீதியைத் தின்று அடுப்படியிலேயே கிடக்கும் நம் பெண்களுக்கும் இவை கிடைக்கச் செய்யுங்கள்.