ஆக்‌ஷன் காமிராவும் அதன் பாட்டரியும்

தலைக்கவசத்திலும் சைக்கிளின் கைப்பிடியிலும் பொருத்தி, ஓட்டத்தையும் பாய்ச்சலையும் படம் பிடிக்கும் சிறு கருவியை ஆக்‌ஷன் காமிரா என்கிறோம். அதை வாங்க எண்ணுவோர் முதலில் கேட்பது, "பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பதே. கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று. இவ்வகையில் பெயர் பெற்ற கோப்ரோ காமிராவின் தலைமுறைகளை ஒப்பிட்டு அவ்விடையை நாம் காண்போம்.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் கோப்ரோ, பிலிம் சுருளில் படம் பிடித்தது. அதற்குப் பாட்டரியே தேவைப்படவில்லை. 2010ஆம் ஆண்டளவில் பரவிய எச்.டி. ஹீரோவின் பாட்டரி 1100 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது. 2014இல் வந்த ஹீரோ 4க்கு இது 1160. 2016இன் ஹீரோ 5 முதல் 2019இன் ஹீரோ 8 வரை 1220. 2020இல் ஹீரோ 9 வந்தபோது 1720 ஆயிற்று. 2024இன் ஹீரோ 13இல் 1900. ஆகக் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பெருகியிருக்கிறது.

அங்ஙனமாயின் படம் பிடிக்கும் நேரமும் அவ்வாறே பெருக வேண்டுமன்றோ? இல்லை, காமிராவின் வேலை அதைவிட வேகமாகப் பெருகிவிட்டது. 1080 வரிப் படத்தை வினாடிக்கு 30 சட்டங்களாகப் பதித்த பழைய காமிரா, ஒரு வினாடியில் சுமார் 6 கோடி படப்புள்ளிகளைக் கையாண்டது. 5.3கே படத்தை வினாடிக்கு 60 சட்டங்களாகப் பதிக்கும் புதிய காமிரா கையாள்வதோ சுமார் 95 கோடி. வேலை பதினைந்து மடங்கு. உணவு ஒன்றே முக்கால் மடங்கு! இதனோடு ஆட்டத்தை அடக்கும் கணக்கீடும், முன்னும் பின்னும் திரைகளும் சேர்ந்துள்ளன. இவ்வளவையும் தாங்குவது, உள்ளிருக்கும் சில்லுகள் சிக்கனம் கற்றதன் பயனே.

ஒரே காமிராவிலும் இவ்வேற்றுமை தெளிவு. 2023இன் ஹீரோ 12, 5.3கே தரத்தில் 60 சட்டங்கள் எனில் சுமார் 70 நிமிடமும், 1080 தரத்தில் 30 சட்டங்கள் எனில் 155 நிமிடத்திற்கு மேலும் ஓடும் என்பது தயாரிப்பாளர் கூற்று. ஆகவே, தரத்தைக் குறிப்பிடாமல் நிமிடத்தை மட்டும் ஒப்பிடுவது, படியின் அளவைக் கேளாமல் அரிசி விலையை ஒப்பிடுவது போன்றதாகும்.

வேறு இரண்டு செய்திகளும் உண்டு. லிதியம் பாட்டரி குளிரில் சோர்ந்துபோகும்; லடாக்கின் கணவாயில் கிடைக்கும் நேரம் சமவெளியில் கிடைத்ததைவிடக் குறையும். அதற்கென எண்டியூரோ என்னும் வகை 2021இல் வந்து, 2022இன் ஹீரோ 11 முதல் காமிராவுடனேயே வழங்கப்பட்டது. இரண்டாவது, பாட்டரிக்கு முதுமை உண்டு. பல முறை மின்னேற்றிய பழைய பாட்டரியைப் புதிய பாட்டரியோடு நிறுத்திப் பார்த்துப் பழைய காமிராவைக் குறை கூறல் நியாயமன்று.

மலையேறுவோரும் நெடுந்தொலைவு வண்டி ஓட்டுவோரும் காணும் காட்சி மீண்டும் வாராது. எனவே வாங்கும் முன்னர் நமக்கு எந்தத் தரம் போதுமென முடிவு செய்வோம். அத்தரத்திற்குரிய நிமிடத்தையே கேட்டறிவோம். உதிரிப் பாட்டரி ஒன்றைச் சட்டைப்பையின் வெதுவெதுப்பில் வைத்துக்கொள்வோம். அது நம் காமிராவின் தலைமுறைக்குப் பொருந்துவதுதானா என்றும் பார்த்துக்கொள்வோம். ஹீரோ 8இன் பாட்டரி ஹீரோ 9இல் பொருந்தாது. ஹீரோ 12க்குரியது ஹீரோ 13க்கு ஆகாது. விமானப் பயணத்தில் உதிரிப் பாட்டரியைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லல் விதியாகும்.