கூண்டுப் பாம்புகளும் வைரஸ் நோயும்

போவா, மலைப்பாம்பு ஆகியவற்றைக் கூண்டில் வளர்ப்போர் 1970-களிலிருந்தே அஞ்சிவரும் நோயொன்று உண்டு. உயிரணுக்களுக்குள் புரதத் திரள்கள் படிவதே அதன் அடையாளம். 2012-இல் சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், நோயுற்ற பாம்புகளில் அரினா வகை வைரஸைக் கண்டனர். மலைப்பாம்பு நரம்புக் கோளாறால் விரைவில் மடியும். போவாவோ ஆண்டுக்கணக்கில் நலமாகவே தோன்றக்கூடும். தொல்லையே அதில்தான். எதிர்ப்பாற்றல் குன்றிய சிலவற்றில் நிணநீர்ப் புற்றும் இரத்தப் புற்றும் காணப்பட்டுள்ளன. குணப்படுத்தும் மருந்தில்லை. தாயிடமிருந்து குட்டிக்கும் வைரஸ் செல்லும்.

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், அட்டவணையிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்யப் பணிக்கிறது. பதிவு மட்டும் நோயைத் தடுக்காது. சோதனைச் செலவை மிகையெனக் கருதுவோர், ஒரு பாம்பால் கூண்டுகள் அனைத்தும் வெறுமையாகும் இழப்பைக் கணக்கில் கொள்வதில்லை. புதிதாக வரும் போவாவைப் பல மாதங்கள் தனியே வைத்து, குருதியை ஒருமுறைக்கு மேல் சோதித்த பின்னரே பிறவற்றின் அருகில் கொண்டுவருதல் வேண்டும்.