பட்டமும் ஒப்பமும்



ஆண்டுவிழா என்றால் பட்டம் வழங்காமல் முடிவதில்லை. பொன்னாடை போர்த்திப் பட்டம் சூட்டுகிறவர்க்கு அந்த உரிமையைத் தந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் விழா நடவாது. அரசிழந்த குடும்பங்களில் அந்தக் கேள்விதான் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டது. இவ்வட்டாரத்தோடு நேரே தொடர்புடையது ஆர்க்காட்டு நவாபு குடும்பம். திருவள்ளூரும் பொன்னேரியும் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தவர் நவாபு முகமது அலி.

அவர் பதவிக்கு வந்ததே பட்டத்துச் சண்டையில்தான். 1749இல் ஆம்பூர்ப் போரில் தந்தை அன்வருத்தீன் மாண்டார். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபை நிறுத்தினர். ஆங்கிலேயர் முகமது அலியை நிறுத்தினர். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். வென்றவர்க்கு 1765இல் தில்லிப் பாதுசா 'வாலாஜா' என்னும் பட்டம் அளித்தார். நாட்டை நடத்த வலியற்ற பாதுசாவிடம் பட்டம் அளிக்கும் வலிமை மட்டும் எஞ்சியிருந்தது. சென்னை வாலாஜா சாலையில் பேருந்துக்குக் காத்திருப்போர் நாள்தோறும் அந்தப் பட்டத்தை உச்சரிக்கின்றனர்.

முகமது அலி 1795இல் மறைய, மூத்த மகன் உம்தத்துல் உமரா நவாபு ஆனார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அங்கே கிடைத்த கடிதங்களைக் காட்டி, தந்தையும் மகனும் திப்புவோடு மறைவில் உறவாடினர் என்று கம்பெனி குற்றஞ்சாட்டியது. 1801 ஜூலை 15ஆம் நாள் உம்தத்துல் உமரா இறந்தார். அவர் தம் வாரிசாகக் குறித்திருந்தவர் மகன் அலி உசேன், இளைஞர். ஆட்சியையும் வருவாயையும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, பெயரையும் ஓய்வூதியத்தையும் பெற்றுக்கொள்ளும்படி அவரிடம் கேட்கப்பட்டது. ஆளுநர் எட்வர்டு கிளைவு நேரிலும் பேசிப் பார்த்தார். இளைஞர் இசையவில்லை. உடனே கம்பெனி அவருடைய சிறிய தந்தையின் மகன் அசீமுத் தௌலாவை நாடியது. அவர் இசைந்தார். ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கை முடிந்தது. நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. மறுத்தவர் மறு ஆண்டே மறைந்தார்.

பங்காளிச் சண்டை என்று இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அங்கே குருதி வழியை எவரும் எடைபோடவில்லை. கையொப்பமிட இசைந்தவர் எவரோ அவரே வாரிசு ஆனார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்பட்டதைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழுதவர் எவர், பட்டாவில் பெயர் உள்ளவர் எவர் என்பதன் வேறுபாடு அவர்கட்குத் தெரியும்.

அசீமுத் தௌலா 1819இல் மறைந்தார். அவர் மகன் ஆசம் ஜா 1825இல் மறைந்தபோது, பேரன் குலாம் கௌசுக்கு வயது ஒன்று. 1842 வரை குழந்தைக்காகப் பொறுப்பு வகித்தவர் சிறிய தந்தை அசீம் ஜா.

குலாம் கௌசைக் கவிஞர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். நாடின்றி நவாபாக இருந்த அவர் 'ஆசம்' என்னும் புனைபெயரில் பாரசீகத்தில் கவி புனைந்தார். கவியரங்குகள் கூட்டினார். 'சுபுகே வதன்', 'குல்சாரே ஆசம்' என்று இரு நூல்களில் கருநாடகப் பகுதிப் பாரசீகப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்தார். அவர்களுள் பலருடைய பெயர் இன்று கிடைப்பதற்கு இந்நூல்களே துணை. தமிழில் இலக்கிய வரலாறு எழுதுவோர் இவற்றைக் கண்ணெடுத்தும் பாராதிருப்பது குறையே.

1855 அக்டோபர் 7ஆம் நாள் அவர் ஆண் மகவின்றி இறந்தார். அசீம் ஜா உரிமை கோரினார். ஆளுநர் ஆரிசும் தலைமை ஆளுநர் டல்ஹௌசியும் மறுத்தனர். 1801 உடன்படிக்கை அசீமுத் தௌலா என்னும் ஒருவரோடு மட்டும் செய்யப்பட்டது, பின்வந்தோர் அரசின் தயவால் இருந்தனர் என்பது அவர்கள் வாதம். கோரியவரோ அந்த அசீமுத் தௌலாவின் மகன். பெரியப்பா மகனைத் தள்ளித் தந்தைக்குப் பதவி தந்த அதே தாள், மகனுக்கு இல்லை என்று சொல்லவும் பயன்பட்டது.

அதே மாதம் 29ஆம் நாள் தஞ்சையில் சிவாஜி மன்னரும் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசோடு குடும்பத்தின் தனிச்சொத்தையும் கம்பெனி எடுத்துக்கொள்ள, அரசி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்துச் சென்னையில் வென்றார். 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இஃது அரசின் செயல், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று தீர்ப்பைக் கவிழ்த்தது. 1862இல் சொத்து திரும்பியது. உரிமையாக அன்று, தயவாக.

அசீம் ஜாவும் தளரவில்லை. இங்கும் இலண்டனிலும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார். இதற்கிடையே சேப்பாக்கம் அரண்மனை அரசின் கைக்குப் போயிற்று. 1867இல் விக்டோரியா அரசி அவரை 'அமீரே ஆர்க்காடு' என ஏற்றார். ஆங்கிலத்தில் ஆர்க்காட்டு இளவரசர். கருநாடக நவாபு என்னும் பெயர் திரும்பவில்லை. பட்டம் வழிவழி வரும் என்று பட்டயம் வந்தது, கூடவே ஓய்வூதியம். 1876 முதல் இராயப்பேட்டை அமீர் மகால் குடும்பத்தின் இருப்பிடமாயிற்று. பெரியப்பா மகன் மறுத்ததைத் தந்தை ஏற்றார். தந்தை ஏற்றதை மகன் பன்னிரண்டு ஆண்டு போராடி, சுருங்கிய வடிவில் மீட்டார்.

1971இல் அரசியல் சட்டத்தின் இருபத்தாறாம் திருத்தம் மைசூர், புதுக்கோட்டை முதலிய முன்னாள் மன்னர் குடும்பங்களின் அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் நீக்கிற்று. ஆர்க்காட்டை அது தொடவில்லை. 1947இல் இந்தியாவோடு இணைக்க அவர்களிடம் நாடு இருக்கவில்லை. அது 1801லேயே போய்விட்டது. அவர்கள் பெற்றது மன்னர் மானியம் அன்று, அரசியல் ஓய்வூதியம். ஆகவே அதுவும் பட்டமும் தொடர்ந்தன.