டப்பாப் புரதமும் வீட்டுப் பருப்பும்



நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் உடற்பயிற்சிக் கூடம் போகும் பிள்ளைகள் 'வே புரோட்டீன் ஐசொலேட்' என்று டப்பா வாங்கி வருகிறார்களே, அதில் என்னதான் இருக்கிறது?

பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் கட்டி தனியாக, மஞ்சள் தண்ணி தனியாகப் பிரியும். அந்தத் தண்ணியில் உள்ள புரதம்தான் இது. பசும்பால் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கொழுப்பையும் பால் சர்க்கரையையும் வடிகட்டி உலர்த்தினால், 100 கிராமில் சுமார் 90 கிராம் புரதமுள்ள பொடி கிடைக்கிறது.

நமக்கு எவ்வளவு வேணும்? ஐ.சி.எம்.ஆர். 2020 கணக்குப்படி 65 கிலோ ஆணுக்குத் தினம் 54 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இன்னும் 22 கிராம்.

முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம். 100 கிராம் துவரம்பருப்பில் 22, மல்லாட்டையில் 25. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். உடம்பு ஏற்றப் புரதப் பொடி வேண்டாம் என்று 2024-இல் ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டியும் சொல்லியிருக்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பொடியைத் தொடக் கூடாது.

வீட்டில் ஆணுக்கு டப்பா, பிள்ளை சுமப்பவளுக்குக் கடைசியில் மிஞ்சிய ரசமா? வேண்டாம் ஐயா! அந்தக் காசில் பருப்பும் முட்டையும் வாங்குங்கள். அங்கன்வாடி சத்துமாவைக் கர்ப்பிணிக்கே கொடுங்கள். இன்று ராத்திரியே கணவன் மனைவி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.